37 ஓவர், 260 ரன், விக்கெட் இல்லை: குடியேறி ஆடிய ஒரு லெக் ஸ்பின்னர், ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு ஆய்வு என்பதால் மையத்தில் இருக்கும் பந்துவீச்சாளருக்கும், அவர் அணியில் இருந்தவர்களுக்கும், அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் நான் பெயர் போடவில்லை. எதிரணிக்காரர்கள், பழைய சாதனைக்காரர்கள் பெயர் ஆங்காங்கே வரும். இரண்டாவது பத்திக்குள்ளேயே யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள், சேப்பாக்கத்துக்குப் போகிறவர்கள் அதற்கும் முன்பே. பரவாயில்லை. ஆளைவிட அவரைச் சுற்றி எடுக்கப்பட்ட முடிவுகள்தான் இங்கே விஷயம். சென்னை லீக்கில் ஒவ்வொரு வருடமும் வெளியூர்ப் பையன்களை எடுத்து ஆட வைக்கிறோம், நாலு ஆட்டம் சரியில்லை என்றால் அடுத்த வருடம் வேறு ஆள். அப்படிப்பட்ட அணிகளை நடத்துகிறவர்களுக்கு இது உதவலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பின்னணி

1979-ல் லாகூரில் பிறந்தவர். குடும்பக் கஷ்டத்தால் 16 வயதிலேயே லாகூரில் ஒரு வணிக வளாகத்தில் விற்பனையாளராக நின்றவர், சம்பளம் சொற்பம். கிரிக்கெட் மட்டும் விடவில்லை. பாகிஸ்தானின் 19 வயதுக்குட்பட்டோர் அணி, அப்புறம் பாகிஸ்தான் ஏ அணி வரைக்கும் வந்தார். அதற்கு மேலே கதவு திறக்கவில்லை. நாடோ லெக் ஸ்பின்னர்கள் விளைகிற பூமி. அப்துல் காதிர், முஷ்டாக் அகமது என்று ஒரு வரிசையே உண்டு, இவர் காலத்தில் டெஸ்ட் அணியில் டேனிஷ் கனேரியா நிலையாக உட்கார்ந்துவிட்டார். நல்ல பந்துவீச்சாளர் என்பது அங்கே போதுமான தகுதியே இல்லை.

1998-ல் இளையோர் அணியோடு தென்னாப்பிரிக்கா போனபோது ஒரு பெண்ணைச் சந்தித்தார், இந்திய வம்சாவளித் தென்னாப்பிரிக்கர். பல வருடம் கழித்து அவரையே மணந்து அந்த நாட்டிலேயே குடியேறினார். தான் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடியதற்கான பெருமை மனைவிக்குத்தான் போய்ச் சேரவேண்டும் என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். ஆக இது ஒப்பந்தத்துக்காகக் கொடி மாறிய கதை கிடையாது, கல்யாணம் பண்ணிக்கொண்டு போன வீட்டில் வேலை தேடிய கதை. இந்த வித்தியாசத்தைச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் குடியேறி ஆடுபவர்கள் எல்லாரையும் நாம் ஒரே தட்டில் வைத்துத்தான் பேசுகிறோம்.

அங்கே டைட்டன்ஸ், டால்பின்ஸ் அணிகளுக்கு ஆடினார். கோடையில் இங்கிலாந்தின் உள்நாட்டு அணிகளான கவுண்டிகள். 2008-ல் ஹாம்ப்ஷயருக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே 12 விக்கெட். எந்த ஊரில் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எந்தெந்தக் கவுண்டிகளுக்கு ஆடினார் என்று அவருக்கே கணக்கு இருக்குமோ என்னவோ.

முதல் சறுக்கல்: காகிதத்தில்

2010 ஜனவரி. இங்கிலாந்துக்கு எதிராக ஜோகன்னஸ்பர்க்கில் கடைசி டெஸ்ட். தென்னாப்பிரிக்கா அணியை அறிவிக்கிறது, இவர் பெயர் இருக்கிறது. அறிவித்த பிறகுதான் இவருக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று தெரிகிறது, பெயரைத் திரும்ப எடுக்கிறார்கள்.

அன்றைய ஐசிசி விதி இதுதான்: பிறப்போ குடியுரிமையோ இல்லாதவர் தொடர்ந்து 4 வருடம், ஒவ்வொரு வருடமும் குறைந்தது 183 நாள் அந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். வருடத்தில் பாதி நாள். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் கோடை முழுக்க இங்கிலாந்தில் ஆடிச் சம்பாதிக்கும் ஒரு தொழில்முறை வீரருக்கு அந்தப் பாதி நாளை நிரப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை வைத்து யாராவது ஒருவர் உட்கார்ந்து நாளை எண்ண வேண்டும். எண்ணிவிட்டு அறிவிக்க வேண்டும். இங்கே அறிவிப்பு முந்திக்கொண்டது.

சின்ன நிர்வாகத் தவறுதான். ஆனால் 30 வயதில் முதல்முறையாகத் தேசிய அணியில் பெயர் பார்த்த ஒருவருக்கு, ஒரு வாரத்துக்குள் அது அழிக்கப்படுவது எப்படி இருந்திருக்கும்? மேற்கொண்டு ஒரு வருடம் காத்திருந்தார். 2011 ஜனவரியில்தான் தகுதி வந்தது.

எடுத்த முதல் நல்ல முடிவு: ஒளித்துவைத்தது

தகுதி வந்த அதே மாதம் இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடர். அணியில் சேர்த்தார்கள், ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை. உலகக் கோப்பை வருகிறது, நடப்பது இந்தியத் துணைக்கண்டத்தில், இவருடைய கூக்ளியை, அதாவது லெக் ஸ்பின் மாதிரி வந்து எதிர்ப்பக்கம் திரும்புகிற பந்தை, மற்ற அணிகள் வீடியோவில் பார்த்துப் படிக்க வேண்டாம் என்பதுதான் கணக்கு.

2011 பிப்ரவரி 24, டெல்லி. 32 வயது நிறைய ஒரு மாதம் பாக்கி. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டம், 41 ரன்னுக்கு 4 விக்கெட். மார்ச் 6 சேப்பாக்கம். இங்கிலாந்தை 171-க்குச் சுருட்டியதில் இவர் பங்கு 38 ரன்னுக்கு 4. நம் ஊர் ஆடுகளம் காய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது, முதல் ஓவரையே தென்னாப்பிரிக்காவின் இடக்கை ஸ்பின்னர்தான் வீசினார். ஆட்டத்தை என்னவோ 6 ரன்னில் கோட்டைவிட்டார்கள், அது தனிக்கதை. அந்த உலகக் கோப்பையில் 5 ஆட்டம், 14 விக்கெட்.

அந்த ஓட்டத்தையும் அப்போதுதான் உலகம் பார்த்தது. விக்கெட் விழுந்ததும் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, எந்தத் திசை என்று பார்க்காமல் எல்லைக்கோட்டை நோக்கி ஓடுவார். கூட ஆடுகிறவர்கள் பாராட்டக் கிட்டே வந்து பார்த்தால் ஆள் இருக்க மாட்டார், பாதி மைதானம் துரத்தித்தான் பிடிக்க வேண்டும். பலர் சிரித்தார்கள். எனக்கு அது பதினைந்து வருடம் அடக்கிவைத்திருந்த ஏதோ ஒன்று வெளியே வருவது மாதிரிதான் தெரிந்தது.

டெஸ்டில் என்ன வேலை?

இங்கிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

2011 நவம்பரில் கேப்டவுனில் டெஸ்ட் அறிமுகம். ஆஸ்திரேலியா 47 ரன்னுக்குச் சுருண்ட அதே ஆட்டம். அந்த 10 விக்கெட்டையும் எடுத்தது மூன்று வேகப்பந்து வீச்சாளர்கள். அவர்களில் ஒருவருக்கும் அதுதான் அறிமுக ஆட்டம், 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். இப்படிப்பட்ட அணியில் லெக் ஸ்பின்னருக்கு என்ன வேலை என்று யாராவது தெளிவாகச் சொல்லியிருப்பார்களா? ஆட்டத்தைப் பார்த்த வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவுக்கு அப்போது பழகிப்போன ஸ்பின்னர் ஒரே வகை. ஒரு முனையில் நாள் முழுக்க ரன் கொடுக்காமல் போட்டுக்கொண்டிருப்பார், மறுமுனையில் வேகம் மாறிமாறி வந்து விக்கெட் எடுக்கும். ஸ்பின்னர் என்றால் வேகப்பந்து வீச்சாளர்கள் மூச்சுவிடுகிற நேரம். இவரோ அந்த ரகம் கிடையாது. ஓவருக்கு ஒரு கூக்ளி, ஒரு வேகமான நேர்ப்பந்து, ஒரு தூக்கிப்போட்ட லெக் பிரேக் என்று ஆறு பந்திலும் விக்கெட் தேடுகிறவர், அதற்கு விலையாக ரன்னும் கொடுப்பார். தாக்கப் பிறந்த ஆளைக் காவலுக்கு நிற்க வைத்தார்கள். அணி அப்போது ஜெயித்துக்கொண்டே இருந்தது, 2012 ஆகஸ்டில் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வீழ்த்தி உலகின் முதல் இடத்துக்கே போனது. அதனால் யாரும் இதைத் தோண்டவில்லை. ஜெயிக்கிற அணியில் பொருந்தாத ஆள் இருப்பது கண்ணில் படாது.

அடிலெய்டு, 2012 நவம்பர்

ஆஸ்திரேலியத் தொடரின் முதல் டெஸ்ட் பிரிஸ்பேனில் நடந்தது, இவரை உட்கார வைத்துவிட்டு நான்கு வேகம். இரண்டாவது டெஸ்ட் அடிலெய்டில். இந்தமுறை ஸ்பின்னர் வேண்டும் என்று உள்ளே எடுத்தார்கள்.

ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு முக்கிய வேகப்பந்து வீச்சாளர் முதுகுப் பிடிப்பால் விலகினார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மூத்த ஆல்ரவுண்டர் நான்காவது ஓவரை முடிக்கும் முன்பே தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார், போவதற்குள் 2 விக்கெட்டும் எடுத்திருந்தார். மிச்சம் மூன்று வேகம், இவர். அடிலெய்டு மைதானம் விசித்திரமான வடிவம், நேராக அடித்தால் எல்லைக்கோடு தூரம், பக்கவாட்டில் கிட்ட. லெக் ஸ்பின்னர் ஒரு பந்தைக் குட்டையாகப் போட்டுவிட்டால் மட்டையாளர் பின்காலில் போய் சதுரமாக இழுத்தால் போதும், தப்பாக மாட்டினால்கூட நாலு.

முதல் நாள் ஆட்டம் முடிந்தபோது ஆஸ்திரேலியா 5 விக்கெட்டுக்கு 482. ஒரே நாளில். டேவிட் வார்னர் 119, மைக் ஹஸ்ஸி 103, மைக்கேல் கிளார்க் கடைசியில் 230. மொத்தம் 550. இவர் கணக்கு 23 ஓவர், 180 ரன், விக்கெட் இல்லை. ஓவருக்குக் கிட்டத்தட்ட 8 ரன், அதுவும் டெஸ்டில்.

இரண்டாவது இன்னிங்ஸில் மேலும் 14 ஓவர், 80 ரன். கூட்டினால் 260. டெஸ்ட் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் விக்கெட்டே இல்லாமல் இத்தனை ரன் கொடுத்தவர் வேறு யாரும் இல்லை. அதற்கு முந்தைய சாதனை பாகிஸ்தானின் கான் முகம்மதுவுடையது: 1958-ல் கிங்ஸ்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் சோபர்ஸ் 365 அடித்த ஆட்டத்தில் 54 ஓவரில் 259. கான் முகம்மது பிறந்ததும் லாகூர்தான். 54 வருடம் நின்ற வேண்டாத சாதனை ஒரு லாகூர்க்காரரிடமிருந்து இன்னொரு லாகூர்க்காரர் கைக்குப் போனது, அதுவும் 17 ஓவர் குறைவாகப் போட்டு.

அப்போது கவனிக்கப்பட்டவை

ஒன்று, அடி விழுந்தபோதும் இவர் ஓடி ஒளியவில்லை. பந்தைக் கேட்டு வாங்கிப் போட்டார். பாராட்டாக மட்டும் இதைச் சொல்லவில்லை, அதுவே பிரச்சினையும்கூட: அடித்த ஒவ்வொரு பந்துக்கும் பதிலாக இன்னும் வேகமாக, இன்னும் விதவிதமாகப் போட முயன்றார், நீளம் தவறிக்கொண்டே போனது. நிதானமாக நாலு ஓவர் ஒரே இடத்தில் போடு என்று சொல்ல அருகில் ஒருவர் வேண்டும் என்று தோன்றியது.

இரண்டாவது, கேப்டனுக்கும் வேறு வழியில்லை. வீச ஆள் இருந்திருந்தால் பத்தோடு நிறுத்தியிருப்பார். 37 ஓவர் என்பது இவருடைய தோல்வியைவிட அணிச் சேர்க்கையின் தோல்வி. 260 என்ற எண் ஒரு ஆள் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்படுகிறது, அந்த எண்ணுக்குள் ஒரு முதுகும் ஒரு தொடையும் அடக்கம்.

மூன்றாவது ஒன்று, யாரும் அதிகம் பேசாதது. அந்த ஆட்டத்தை தென்னாப்பிரிக்கா தோற்கவில்லை. 430 இலக்கு, 45 ரன்னுக்கு 4 விக்கெட் போனது. அந்த டெஸ்டில்தான் அறிமுகமான ஒரு நடுவரிசை மட்டையாளர், காயமடைந்த இன்னொருவருக்குப் பதிலாக வந்தவர், கடைசி நாள் முழுக்கக் கட்டை போட்டார். 376 பந்து, ஆட்டமிழக்காமல் 110. 8 விக்கெட்டுக்கு 248, ஆட்டம் டிரா. இந்த மட்டையாளரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

எடுத்த முடிவுகள், ஏன்

அடுத்த டெஸ்ட் பெர்த்தில். இவரை நீக்கி இடக்கை ஸ்பின்னரைப் போட்டார்கள், 309 ரன்னில் ஜெயித்து தொடரையும் கைப்பற்றினார்கள். அந்த நேரத்துக்கு அது சரியான முடிவு, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. அடி வாங்கிய கையோடு ஒருவரை மறுபடியும் அதே மட்டையாளர்களிடம் அனுப்புவது தைரியம் ஆகாது.

பெரும்பாலான அணிகளில் கதை இங்கேயே முடிந்திருக்கும். வயது 33, வெளியிலிருந்து வந்தவர், உலகத்திலேயே மோசமான கணக்கு பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் ஊர்க்காரராக இருந்தால் 'மோசமான ஆட்டம்' என்பார்கள், வந்தவராக இருந்தால் 'தப்பான தேர்வு' என்பார்கள். இதை நம் லீக்கிலேயே பார்த்திருக்கிறேன், உள்ளூர்ப் பையனுக்கு ஐந்து வாய்ப்பு, வெளியூர்க்காரனுக்கு இரண்டு.

தென்னாப்பிரிக்கர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். முதலாவது, 2013-ல் இவரை டி20-க்கு எடுத்தார்கள், ஆகஸ்டில் கொழும்பில் முதல் சர்வதேச டி20. இரண்டாவது, அதே வருடம் அக்டோபரில் பாகிஸ்தானுக்கு எதிராக அமீரகத்தில் நடந்த தொடரில், அபுதாபியில் முதல் டெஸ்டைத் தோற்றதும், துபாயில் இவரைத் திரும்ப இறக்கினார்கள்.

துபாய் முடிவைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். எதிரே இருப்பது பிறந்த நாடு. அந்த மட்டையாளர்கள் லெக் ஸ்பின்னைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள். சொதப்பினால் என்ன பேசுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். முதல் நாளிலேயே பாகிஸ்தான் 99-க்கு ஆல் அவுட், இவர் 32 ரன்னுக்கு 5. இரண்டாவது இன்னிங்ஸில் இன்னும் 3. தென்னாப்பிரிக்கா இன்னிங்ஸ் வெற்றி, தொடர் 1-1. அடிலெய்டுக்கும் துபாய்க்கும் நடுவே 11 மாதம். ஆள் அதே ஆள், கூக்ளி அதே கூக்ளி.

மாறியது வேலை. துபாயில் இவர் வந்தது விக்கெட் எடுக்க, முனையைக் காக்க இல்லை. வெள்ளைப் பந்து ஆட்டத்தில், அதாவது ஒருநாள், டி20-ல், இது இன்னும் தெளிவாக விழுந்தது. 2011 அக்டோபரிலிருந்து ஒருநாள் போட்டிகளில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு புதுப்பந்து என்ற விதி வந்துவிட்டது, பந்து பழசாகி ரிவர்ஸ் ஸ்விங் ஆவது குறைந்தது. அடுத்த வருடம் வட்டத்துக்கு வெளியே நான்கு ஃபீல்டர்தான் என்று குறைத்தார்கள். நடு ஓவர்களில் ரன்னை அடக்கியே காலம் தள்ளலாம் என்று நினைத்த விரல் ஸ்பின்னர்கள் திண்டாடினார்கள். அடக்க முடியாவிட்டால் விக்கெட்டாவது எடு, அதுதான் ஒரே வழி. அதற்கு மணிக்கட்டால் பந்தைத் திருப்புகிற ஸ்பின்னர் வேண்டும், லெக் ஸ்பின்னர் அந்த ரகம், அப்படி ஒருவர் நாட்டிலேயே சும்மா இருந்தார். டெஸ்டில் மட்டையாளர் இவரது நல்ல பந்தை விட்டுவிட்டுக் கெட்ட பந்துக்குக் காத்திருக்கலாம். ஒருநாள் ஆட்டத்தில் 25-வது ஓவரில் காத்திருக்க நேரமில்லை, நல்ல பந்தையும் அடித்தே ஆகவேண்டும்.

அதன் பிறகு நடந்தவை

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எண்கள்தான். 2014 டி20 உலகக் கோப்பையில் 12 விக்கெட். 2015 உலகக் கோப்பையில் 15, அதில் சிட்னி காலிறுதியில் இலங்கைக்கு எதிராக 26 ரன்னுக்கு 4 எடுத்து ஆட்டநாயகன். உலகக் கோப்பை நாக் அவுட் ஆட்டம் ஒன்றில் தென்னாப்பிரிக்கா ஜெயித்தது அதுவே முதல்முறை, 1992-லிருந்து காத்திருந்த நாடு. 2016 ஜூனில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக பாஸ்டேரில் 45 ரன்னுக்கு 7, ஒருநாள் போட்டியில் 7 விக்கெட் எடுத்த முதல் தென்னாப்பிரிக்கர். அதே ஆட்டத்தில் 100-வது விக்கெட்டும், 58-வது ஆட்டத்தில். 2017-ல் ஒருநாள், டி20 இரண்டு தரவரிசையிலும் முதல் இடம், வயது 37.

டெஸ்ட் மட்டும் கடைசிவரை ஒட்டவில்லை. 20 டெஸ்ட், 57 விக்கெட், ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் சராசரி 40-ஐத் தாண்டியது. 2015 இந்தியத் தொடரோடு அது முடிந்தது. சரி, எல்லாருக்கும் எல்லாம் வாய்க்காது.

லாகூரும் ஜோகன்னஸ்பர்க்கும்

எண்களுக்கு வெளியே இரண்டு சம்பவம் உண்டு, அடுத்தடுத்த வருடங்களில்.

2009-ல் இலங்கை அணியின் பேருந்து மீது லாகூரில் தாக்குதல் நடந்த பிறகு பெரிய அணிகள் பாகிஸ்தானுக்குப் போவதையே நிறுத்தியிருந்தன. 2017 செப்டம்பரில் உலக லெவன் அணி ஒன்றை அங்கே அனுப்பினார்கள், மூன்று டி20, மூன்றும் லாகூரில். இவரும் போனார். அந்த அணிக்குக் கேப்டன் யாரென்றால், அடிலெய்டில் 376 பந்து கட்டை போட்ட அதே மட்டையாளர். போவதற்கு முன் விசா வாங்கக் குடும்பத்தோடு போன இடத்தில் மணிக்கணக்கில் காக்க வைத்து அவமானப்படுத்தினார்கள் என்றும், தூதர் தலையிட்ட பிறகுதான் விசா கிடைத்தது என்றும் இவரே பொதுவில் எழுதினார். பிறந்த ஊரில் ஆட விசா கேட்டு நிற்கிற நிலைமை.

2018 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். இவர் பதினொருவரில் இல்லை, பன்னிரண்டாவது ஆள். பார்வையாளர் ஒருவர் இனத்தைச் சொல்லி வசை பாடியதாகப் புகார் எழுந்து, தென்னாப்பிரிக்க வாரியம் விசாரணை அறிவித்தது. அதாவது ஆறு மாத இடைவெளிக்குள், பிறந்த நாட்டின் அலுவலகத்தில் வெளியாள், வாழவந்த நாட்டின் மைதானத்திலும் வெளியாள். குடியேறி ஆடுகிறவர்களின் பயிற்சியாளர்கள் பந்தின் நீளத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதாது என்று நான் நினைப்பது இதனால்தான். முதல் சம்பவத்தை அவர் தனியாகத்தான் சமாளித்தார் என்று தெரிகிறது. இரண்டாவதில் வாரியம் பின்னால் நின்றது.

நடுவில் நம் ஊரையும் சொல்லியாக வேண்டும். 2018-லிருந்து நான்கு பருவம் ஐபிஎல்லில் சென்னை அணியில் இருந்தார். 2019-ல் 17 ஆட்டம், 26 விக்கெட், அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதாத் தொப்பி, 40 வயதில். சேப்பாக்கம் 'பராசக்தி எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தது. தமிழில் ட்வீட்டும் வரும், யார் எழுதிக்கொடுத்தார்களோ, நம் மக்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். அடுத்த வருடம் அமீரகத்தில் பெரும்பாலும் தண்ணீர் பாட்டில்தான் தூக்கினார். பல வருடம் மற்றவர்கள் எனக்குத் தூக்கினார்கள், இப்போது நான் தூக்குகிறேன் என்கிற மாதிரி எழுதினார். மூன்றாவதாக ஒரு ஊர் இவரைத் தத்தெடுத்ததற்கு எந்த வசிப்பிட விதியும் தேவைப்படவில்லை.

விளைவு

2019 மே 30, ஓவல் மைதானம், உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். புதுப்பந்தைக் கேப்டன் வேகப்பந்து வீச்சாளரிடம் கொடுக்கவில்லை, 40 வயது லெக் ஸ்பின்னரிடம் கொடுத்தார். உலகக் கோப்பையின் முதல் பந்தை ஒரு ஸ்பின்னர் வீசியது அதுவே முதல்முறை. கேப்டன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை, அடிலெய்டில் அன்று பக்கத்தில் நின்று பார்த்த, கடைசி நாள் கட்டை போட்ட அதே மட்டையாளர்தான். இரண்டாவது பந்தில் இங்கிலாந்தின் ஜானி பேர்ஸ்டோ கீப்பரிடம் கேட்ச். கை இரண்டும் விரிந்தது, ஓட்டம்.

ஆட்டத்தையும் அந்தத் தொடரையும் தென்னாப்பிரிக்கா மோசமாகத்தான் முடித்தது. இவர் 11 விக்கெட் எடுத்தார். மூன்று உலகக் கோப்பையில் 14, 15, 11, ஆக 40. ஆலன் டொனால்டின் 38-ஐத் தாண்டி அந்த நாட்டின் உலகக் கோப்பை விக்கெட் பட்டியலில் முதலிடம். 2019 ஜூலை 6, மான்செஸ்டரில் ஆஸ்திரேலியாவை வீழ்த்திய ஆட்டத்தோடு ஒருநாள் போட்டியிலிருந்து ஓய்வு: 107 ஆட்டம், 173 விக்கெட்.

என்ன மாற்றியிருக்கலாம்

தகுதி விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. நாளை எண்ணிவிட்டு அறிவியுங்கள், அவ்வளவுதான். மாவட்ட அளவில்கூடப் பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல் பட்டியல் போட்டு, கடைசி நேரத்தில் பையனைத் திருப்பி அனுப்புகிற கூத்து இன்றைக்கும் நடக்கிறது.

வேலையைத் தீர்மானிக்காமல் ஆளை எடுத்ததுதான் பெரிய தப்பு. 2011 உலகக் கோப்பையில் ஏன் எடுபட்டது என்று அணிக்குத் தெரிந்திருந்தது: காய்ந்த ஆடுகளம், விக்கெட் எடுக்கச் சுதந்திரம், அதிகபட்சம் பத்து ஓவர். அந்த மூன்றையும் எடுத்துவிட்டு டெஸ்டில் இறக்கினார்கள். நானாக இருந்தால் முதல் இரண்டு வருடம் இவரைத் துணைக்கண்டத்து டெஸ்டுகளுக்கும் வெள்ளைப் பந்துக்கும் மட்டும் வைத்திருப்பேன், சொந்த மண்ணிலும் ஆஸ்திரேலியாவிலும் முனை காக்கிற ஸ்பின்னரை ஆட வைத்திருப்பேன். அப்படிச் செய்திருந்தால் அடிலெய்டு நடந்திருக்காது. 'கிடைத்தபோதே டெஸ்ட் கொடுங்கள், வயது ஏறுகிறது' என்று யாராவது எதிர்வாதம் செய்தால் அதிலும் நியாயம் உண்டு, 32 வயதில் வந்தவரை எவ்வளவு காலம் காக்க வைப்பது? இதில் எனக்கே முழுத் தெளிவு இல்லை.

ஆட்டத்துக்குள் ஒரு சின்ன விஷயமும் உண்டு. ஒரு லெக் ஸ்பின்னர் அடி வாங்கும்போது கேப்டன் ஃபீல்டிங்கைப் பின்னால் தள்ளுவதற்கு முன், இரண்டு ஓவர் அவரை எடுத்துவிட்டு, பக்கத்தில் கூப்பிட்டு, எந்தப் பந்தைப் போடப்போகிறாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பகுதிநேர வீச்சாளர் ஒருவர் நாலு ஓவர் அடி வாங்கினாலும் மோசமில்லை. நம் மைதானங்களிலும் நான் பார்ப்பது, அடி விழ விழப் பையன் தனியாகி விடுகிறான், பந்தைத் திருப்பி எறிகிறவன்கூட முகத்தைப் பார்ப்பதில்லை.

கடைசியாக, முடித்துவைத்த விதம். ஒருநாள் போட்டிக்கு விடை சொன்ன பிறகும் டி20-ல் ஆடத் தயாராக இருந்தார். டி20 உலகக் கோப்பை கொரோனாவால் 2021-க்குத் தள்ளிப்போனது. அணியில் பெயர் இல்லை. எடுக்காதது அணியின் உரிமை, 42 வயது ஆளை எடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் தன்னிடம் பேசவே இல்லை என்று அவர் வெளிப்படையாக வருத்தப்பட்டார். 2010-ல் பெயரைப் போட்டு அழித்தபோது தொடங்கிய உறவு, ஒரு தொலைபேசி அழைப்புகூட இல்லாமல் முடிந்தது.

இரண்டு வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், 44 வயதில் கயானா அணிக்குக் கேப்டனாகக் கரீபியன் லீக் இறுதி ஆட்டத்தில் இறங்கினார். அதுவரை அந்த அணி கோப்பையே வென்றதில்லை, இறுதி ஆட்டங்களில் தோற்றே பழகியது. டிரின்பாகோவை 94-க்குச் சுருட்டி 9 விக்கெட்டில் ஜெயித்தார்கள். இந்த வயதில் கேப்டனா என்று கேலி செய்தவர்களுக்கு முதலில் நன்றி சொன்னார். அப்புறம், தொடர் தொடங்கும் முன்பே நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று சொல்லி அனுப்பிய நம் அஷ்வினுக்கு.